முப்பது வயதில் அரிச்சுவடி

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த நாட்டுப்புறத்தில் ஆவூர் என்றொரு சிற்றூர் உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி அங்கு நடைபெறும் தேர்த்திருவிழாவால் அவ்வூரை அறிந்தோர் நம்மிடையே பலர். வேண்டுதலுக்காகச் செல்வோர் உண்டு. உறவினரைக் காணச் செல்வோரும் உண்டு. அவ்வூருக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிச் செல்வோர் மிகச் சிலரே. அத்தொடர்பைப் பற்றியே இம்மாதம் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

முதலில் ஓர் ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆவூரின் பழைய ஆலயத்தை அருட்தந்தை புஷே அடிகளார் 1547இல் கட்டினார் என்று சில கையேடுகள் அச்சிட்டிருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுத, அந்த ஆண்டே ஊரெங்கும் பரவிவிட்டது. ஆனால் புஷே அடிகளார் 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரான்சு நாட்டில் பிறந்தவர். தத்துவபோதகர் மதுரைக்கு வந்ததே 1606இல்தான். 1547இல் இப்பகுதியில் மறைப்பணித்தளம் என ஒன்றும் இல்லை. சரியான ஆண்டு 1697. நூற்றைம்பது ஆண்டுகள் பின்னே தள்ளிவிட்டால் ஊருக்குப் பெருமை கூடும் என்று எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். படி எடுத்தவரின் கண் தவறியிருக்கும். இன்றுள்ள ஆலயம் ஹோமெம் அடிகளாரால் 1747இல் எழுப்பப்பட்டது. அந்த ‘47’ முன்னே ஓடிப்போய்ப் பழைய ஆலயத்தோடு ஒட்டிக்கொண்டதோ என்பது நம் ஐயம். எழுத்து எவ்வளவு வலியதோ அவ்வளவு எளிதில் வழுக்கக்கூடியது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

புஷே அடிகளாரும் அவர்காலத்து இயேசு சபையினரும் ஓயாமல் எழுதியவர்கள். பகலெல்லாம் நடை; இரவில் விளக்கொளியில் கடிதம். அக்கடிதங்கள் கப்பலேறி ஐரோப்பா சென்று, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரில் தொகுதி தொகுதியாக அச்சேறின. இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்கள், நீதி வழங்கும் முறை, சமய நம்பிக்கைகள் ஆகியன பற்றி புஷே அடிகளார் எழுதிய நீண்ட கடிதங்கள் அவற்றுள் உள்ளன. ஆவூரின் பெயரும் பிரெஞ்சு எழுத்தில் அங்கே பதிந்தது. திருச்சபையைக் கடுமையாகச் சாடிய வால்தேர் கூட அத்தொகுதிகளை விடாமல் படித்தார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இத்தகைய எழுத்துப் பற்று இச்சபையினருக்கு எங்கிருந்து வந்தது? அதன் நிறுவுநர் புனித இஞ்ஞாசியாரின் வாழ்விலேயே அதன் வேர் இருக்கிறது. 1521இல் பம்பலோனா கோட்டைப் போரில் கால் முறிந்து, இலொயோலா மாளிகையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார் அவர். பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை கிடைக்கவில்லை. கிடைத்தவை இரண்டே: கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும், புனிதர்களின் வரலாறும். அந்த மாளிகையில் நூல்கள் சற்றுக் கூடுதலாக இருந்திருந்தால் இயேசு சபையே தோன்றியிராது என்று நம் குருமடத்தில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு!

அதைவிட நம் மனத்தைத் தொடுவது அடுத்து நடந்தது. குணமடைந்து, திருப்பயணம் சென்று திரும்பியபின் இஞ்ஞாசியார் பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் படிக்க அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. உடன் படித்தவர்கள் சிறுவர்கள். போர்க்களத்தில் வாள் ஏந்திய மனிதர் வினைத்திரிபு மனனம் செய்யும் காட்சியை எண்ணிப் பாருங்கள். பிழை விடும்போது அச்சிறுவர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? படிப்பின் மீது உண்மையான காதல் கொண்டவர் எவர் என்பதை அறிய நாம் இந்த உரைகல்லையே பயன்படுத்துகிறோம். வளர்ந்தபின் சிறுவரோடு சிறுவராய் அமர மனம் வருகிறதா?

வந்தவர்களின் வரிசை ஒன்று உண்டு. மேலே நாம் மறுத்த அதே 1547ஆம் ஆண்டில், முத்துக்குளித்துறையில் அந்திரிக்கு அடிகளார் பணி தொடங்கினார். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது அளவில் இருக்கும். மொழிபெயர்ப்பாளரை நம்பியிராமல் தாமே தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலை அச்சிட்டார். பதினாறே பக்கங்கள். ஆயினும் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான நூல்களுள் நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அதுவே. 1586இல் ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. இஞ்ஞாசியாரைப் படுக்கையில் மனம் மாற்றிய நூல் எவ்வகையோ அதே வகை நூல். இலத்தீன் பெயர்கூட அதுவே, ‘புனிதர்களின் மலர்’ என்ற பொருளில். அறுபத்தைந்து ஆண்டுகளில் அது நம் மீனவர் கைகளுக்குத் தமிழாய் வந்துவிட்டது. இவ்வச்சுப் பணிக்குப் பொருள் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். நம் பொதுநிலையினர் நூல் வாங்கவே தயங்கும் காலத்தில் இதை நினைவூட்டுவது குற்றமாகாது.

இனி ஆவூருக்குத் திரும்புவோம். அங்கு பணியாற்றியவர்களுள் ஒருவர் கான்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி, நம் வீரமாமுனிவர். இத்தாலியில் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர். 1710இல் கோவா வந்திறங்கி, 1711இல் தமிழகம் அடைந்தார். வயது முப்பது. இலத்தீனும் கிரேக்கமும் கற்ற நாவு அ, ஆ என்று தொடங்கியது.

அவரைப் பற்றிய புனைவுகள் ஏராளம். சந்தா சாகிப்பின் திவானாக விளங்கினார் என்பர். பாரசீகத்தையும் இந்துஸ்தானியையும் மிகக் குறுகிய காலத்தில் கற்றுத் தேர்ந்தார் என்பர். பல்லக்கில் பவனி வந்தார் என்பர். இவற்றுள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர் ஏற்பதில்லை. நாமும் இவற்றை வலியுறுத்த விரும்பவில்லை. அவருடைய விரைவு நம்மை வியக்க வைக்கவில்லை. அவருடைய நிதானமே வியக்க வைக்கிறது. தமிழகம் வந்த ஆண்டு 1711. தேம்பாவணி நிறைவெய்திய ஆண்டு 1726. நடுவே பதினைந்து ஆண்டுகள்! ஒரு மொழியின் வாயிலில் பதினைந்து ஆண்டுகள் காத்துநின்று, அதன் இலக்கியங்களை ஒவ்வொன்றாய்ப் படித்து, அதன்பின் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள் கொண்ட காப்பியத்தைப் புனித சூசையப்பரின் திருவடிகளில் வைத்தார். அதன் பாடல்களுக்குத் தாமே உரையும் எழுதினார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழாசிரியராய் இருந்தார் என்பது மரபு. ஆசிரியர் பெயரை மரபு மறக்காமல் காத்திருப்பதே நமக்கு மகிழ்ச்சி.

அவர் படித்தது அச்சிட்ட நூல்களை அன்று, ஓலைச்சுவடிகளை. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய தமிழைப் படிப்பது இன்றைய பட்டதாரிக்கும் எளிதன்று. சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இராது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏட்டெழுதுவோர் அதை விட்டுவிட்டனர். குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி இடவேண்டும் என்று பழைய இலக்கணம் விதித்திருந்தது. அப்புள்ளியும் போனபின் குறில் எது, நெடில் எது? ‘எரி’ என்றிருந்தால் நெருப்பா, நீர்நிலையா? ‘கொடு’ என்றிருந்தால் ஈதலா, மரக்கிளையா? ‘கெட்டான்’ என்று ஓலையில் காண்கிறோம். அவன் கெட்டுப்போனானா, செவிகொடுத்துக் கேட்டானா? தமிழிலேயே பிறந்து வளர்ந்தவன் இடம் நோக்கி உணர்ந்துகொள்வான். முப்பது வயதில் அரிச்சுவடி தொடங்கியவர் என்ன செய்வார்? ஒவ்வொரு வரியிலும் முட்டிக்கொண்டார்.

முட்டிக்கொண்டதன் பயன்தான் அவருடைய எழுத்துச் சீர்திருத்தம். குறிலுக்குப் புள்ளி வைப்பதற்கு மாறாக நெடிலுக்கு வேற்றுமை காட்டினார். எகரத்துக்குக் கீழே கால் இழுத்து ஏகாரம். ஒகரத்துக்குச் சுழி கொடுத்து ஓகாரம். உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக்கொம்பு. இன்று முதல் வகுப்புக் குழந்தை இயல்பாய் எழுதுகிற வடிவங்கள் இவை. மொழியை வழிவழியாய்ப் பெற்ற பெரும்புலவர் எவருக்கும் இக்குறை உறுத்தவில்லை. அவர்களுக்கு அது குறையாகவே தோன்றவில்லை. புதிதாய்ப் படிக்க வந்தவனுக்கே உறுத்தியது. தம் பின்னே படிக்க வருகிறவன் இதே இடத்தில் முட்டக்கூடாது என்ற இரக்கம் அச்சுழியில் இருப்பதாக நமக்குப் படுகிறது.

சதுரகராதியும் (1732) அத்தகையதே. பழைய நிகண்டுகளைப் பாட்டாக மனனம் செய்தவனே பயன்படுத்த முடியும். வீரமாமுனிவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியாக்கினார். மனனம் செய்யாதவனும் சொல்லைத் தேடிப் பொருள் காணலாம் என்றாயிற்று. தொன்னூல் விளக்கம் (1730) புலவர்க்கு. வேதியர் ஒழுக்கம் உபதேசியார்க்கு. பரமார்த்த குருவின் கதை சிரிக்கத் தெரிந்த எல்லார்க்கும். திருக்குறளின் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் பெயர்த்தது ஐரோப்பியர்க்கு. பேச்சுத்தமிழுக்கென்று ஓர் இலக்கணம் எழுதலாம் என்று நினைத்ததே அக்காலத்தில் புதுமை. அதைக் ‘கொடுந்தமிழ்’ என்ற பெயரிலேயே இலத்தீனில் எழுதினார்.

இவற்றுள் பெரும்பாலானவை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை என்பதை நாம் எளிதாய் மறந்துவிடுகிறோம். 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் கண்மூடியபோது தேம்பாவணி ஓலையில்தான் இருந்தது. பரமார்த்த குரு கதையை பாபிங்டன் 1822இல் இலண்டனில் வெளியிட்டார். தேம்பாவணி புதுச்சேரியில் அச்சாகத் தொடங்கியது 1851இல். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியில் இந்நூல்களைச் செல்லுக்கும் மழைக்கும் தப்புவித்தவர் யார்? 1773இல் இயேசு சபையும் கலைக்கப்பட்டது. பங்குகள் மேய்ப்பரின்றிக் கிடந்தன. ஊரூராய் இருந்த உபதேசியார்களும் அண்ணாவியார்களும் கவிராயர்களும் படி எடுத்துப் படி எடுத்துக் காத்தார்கள். சென்னைக் கல்லூரியின் எல்லிஸ் துரை தூண்ட, புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் தென்மாவட்டங்களில் அலைந்து அச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். 1822இல் முனிவரின் வரலாற்றையும் எழுதினார். நாம் மேலே ஐயுற்ற புனைவுகள் சில அவர் ஏட்டிலிருந்தே கிளைத்தவை என்றாலும், அவர் நடந்த நடை இல்லையேல் நமக்கு மிஞ்சியிருப்பது குறைவு.

ஆனால் இக்கதையில் ஒரு நிழலும் உண்டு. அண்ணாவியார் படித்தார், ஊர் கேட்டது. கித்தேரி அம்மாள் அம்மானையை ஒருவர் பாட, நூறு பேர் கேட்டு மனத்தில் பதித்தனர். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் வாசிக்க, ஊரே அழுதது. கேட்டு வளர்ந்த விசுவாசம் நம் முன்னோருடையது. அதைச் சிறுமைப்படுத்த நமக்கு உரிமையில்லை. எனினும் ஊருக்கு ஒருவர் படித்தால் போதும் என்ற மனநிலை அதனால் வேரூன்றிவிட்டது. பிரிவினை சபையார் ஒவ்வொரு வீட்டிலும் வேதாகமம் வைத்துப் படித்த காலத்தில், நம் வீடுகளில் செபமாலையும் சுரூபமும் இருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் விவிலியத்தை எல்லார் கையிலும் கொடுக்கச் சொன்னது. தமிழில் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. கொடுப்பதற்கு நூல் உண்டு. வாங்கும் கைக்கு எழுத்து தெரியவேண்டுமே!

பங்கின் பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டும் பழக்கம் நமக்கு உண்டு. மங்கிய மையில் மணமக்கள் பெயர், சாட்சிகள் பெயர், அவற்றின் எதிரே நீலக் கைநாட்டுகள். மணமகன் கையெழுத்து ஒரு பக்கத்தில் தோன்றும்; மணமகளின் பெருவிரல் தொடர்ந்து பல பக்கங்களுக்குப் பதிந்திருக்கும். பெயரை எழுதியது குருவின் கை. இவர்கள் எவரும் அறிவிலிகள் அல்லர். நாற்று நடும் பருவம், மாட்டின் நோய், மருந்துச்செடி, நூற்றுக்கணக்கான பாடல் எல்லாம் அறிந்தவர்கள். தம் பெயர் எப்படி இருக்கும் என்று மட்டும் பாராமலே மறைந்தார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது இன்னும் முரணான செய்தி. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமண முனிவரின் கற்படுக்கையருகே ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட தமிழ் எழுத்துப் பொறிப்பு இருக்கிறது. குடுமியான்மலைப் பாறையில் இசைக் குறிப்புகளையே கல்வெட்டாய் வெட்டி வைத்தார்கள். அகிலன் பிறந்தது பெருங்களூரில்; குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்தது இராயவரத்தில்; இருவர்க்கும் பிறந்த ஆண்டு 1922. இளைஞராயிருந்த கண்ணதாசன் ‘திருமகள்’ என்ற இதழில் ஆசிரியப் பொறுப்பேற்றதும் புதுக்கோட்டையில்தான். அவருடைய ‘இயேசு காவியம்’ அவர் மறைவுக்குப் பின் 1982இல் திருச்சிக் கலைக்காவிரி வழியாக நம் கைக்கு வந்தது. கல்லெல்லாம் எழுத்தாய் நிற்கும் இந்நாட்டில், கல்லுடைத்துப் பிழைத்த பெண்களுக்குத் தம் கூலிக்கணக்கைப் படிக்கத் தெரியாதிருந்தது.

1991இல் அறிவொளி இயக்கம் இங்கு வந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத்தினர், ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கூடி உழைத்தனர். பகலில் வயலிலும் குவாரியிலும் உழைத்த பெண்கள், இரவில் தெருவிளக்கடியில் சிலேட்டுடன் அமர்ந்தனர். சொல்லிக்கொடுத்தவர் பலர் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வயதினர். பார்சலோனாவில் முப்பத்து மூன்று வயதில் அமர்ந்தவரை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. ஓர் அரசு அறிக்கை சேர்க்க மறக்கக்கூடிய செய்தி ஒன்றைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் உலகறியச் செய்தார்: எழுத்தோடு சேர்ந்து அப்பெண்கள் மிதிவண்டியும் கற்றார்கள். 1992இல் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பொதுவில் வண்டி ஓட்டிக் காட்டினார்கள். ஒரு பெண் எழுத்தைக் கற்றால் அடுத்து சாலையைக் கேட்பாள் என்பதை இம்மாவட்டம் கண்டது. குவாரிகளின் குத்தகையைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பெற்றதும் அக்காலத்தில்தான்.

நம் பதிவேட்டிலும் அந்த ஆண்டுகள் தெரிகின்றன. கைநாட்டு குறைந்து, கோணல் மாணலாய், ஒவ்வோர் எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்த கையெழுத்துகள் தோன்றுகின்றன. கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்திலும் நுழைந்துவிடும். அவற்றைக் காணும்போதெல்லாம் நமக்குச் சற்று நேரம் பிடிக்கிறது, பக்கத்தைத் திருப்ப.

கற்ற எழுத்தைப் பயன்படுத்தாவிடில் அது மறந்துபோகும். பலர்க்கு மறந்தும் போயிற்று. அறிவொளி வகுப்பு முடிந்தபின் அவர்கள் கையில் எந்த நூலைக் கொடுத்தோம்? எழுத்தறிவைப் பள்ளியின் வேலை என்று விட்டுவிட்டு, பங்கில் பளிங்குத்தளம் பதிப்பதில் நாம் காட்டிய ஊக்கத்தை வாசகசாலை திறப்பதில் காட்டவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தனிமனிதர் என்ன செய்ய இயலும் என்போர் திருக்கோகர்ணத்தில் உள்ள ‘ஞானாலயா’ ஆய்வு நூலகத்தைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். ஆசிரியப் பணியாற்றிய பா. கிருஷ்ணமூர்த்தி அவர்களும் அவர்தம் துணைவியார் டோரதி அம்மையாரும் தம் ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்து உருவாக்கிய நூலகம் அது. ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள். அவற்றுள் அரிய முதற்பதிப்புகள் பல. அரசரின் ஆணையுமில்லை, சபையின் நிதியுமில்லை. நூல்மேல் கொண்ட காதல் ஒன்றே முதல். முத்துசாமிப் பிள்ளையின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைச் சொன்னால் தகும்.

நம் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு விசுவாசிகள் மன்றாட்டை அன்பியங்கள் முறைவைத்து எழுதி வருகின்றன. அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதே எளிது என்று சிலர் சொன்னதுண்டு, நாம் உடன்படவில்லை. அண்மையில் ஒரு முறை, அறிவொளிக் காலத்தில் எழுத்துக் கற்ற ஒரு மூதாட்டியின் முறை வந்தது. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். திருப்பலிக்கு முன் நம்மிடம் காட்டினார். மழைக்காகவும், கண்மாய் நிறையவும், வெளிநாடு சென்ற பிள்ளைகளுக்காகவும் நான்கு மன்றாட்டுகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘எங்கள் மன்றாட்டைக் கெட்டருளும்’ என்று எழுதியிருந்தார். இரட்டைக்கொம்பின் சுழி நான்கு இடத்திலும் விடுபட்டிருந்தது. பேனாவை எடுத்த நாம் திருத்தாமல் மூடிவிட்டோம். வாசக மேடையில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளைச் சற்றுத் தொலைவில் பிடித்து, பழைய ஓலை படிப்பவர் போலவே இடமறிந்து, ‘கேட்டருளும்’ என்றே நான்கு முறையும் வாசித்தார்.